கருப்பு ஓரம் வைத்த பூசணிக்காய் அட்டை

கோவிந்தாபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

வேலந்தாவளம் மச்சான் திரு. ரத்தினசாமி அவர்களுக்கு, தங்கள் தங்கையின் புருஷன் பூபதிராஜா கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே ராசம்மாள், மௌனிகா, எருமைகள், எல்லோரும் நலம். முக்கியமாக நான் நலம். உயிரோடு இருக்கிறேன் என்பதை எழுத்திலும் ஒருமுறை உறுதி செய்கிறேன். என் நம்பரை நீங்கள் பிளாக் பண்ணிவிட்டதால்தான் இந்தக் கடிதம்.

தை மாதம் மௌனிகாவுக்குக் கல்யாணம். "மாமன் வந்து சீர் செய்யாட்டி எனக்குக் கண்ணாலமே வேண்டாமுங்க" என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். நீங்களோ வாசலில் நின்று, "இனி நீங்க நெசமாவே போய்ச் சேந்தாலும் உங்கூட்டுப் படி மிதிக்க மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினீர்கள். அத்தனை கோபத்திலும் மரியாதையை விடவில்லை. அதை நம்பித்தான் நடந்ததை எழுதுகிறேன்.

மௌனிகாவின் கோயமுத்தூர் ஆபீஸில் அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் என்று ஒரு பேய்த் திருநாள். ஆளுக்கொரு வாழ்த்து அட்டை கையால் செய்துகொண்டு போக வேண்டுமாம். அவள் சாப்பாட்டு மேசையில் மைகளையும் ரப்பர் அச்சுகளையும் பரப்பி உட்கார்ந்தாள், எருமைக்குத் தண்ணி காட்டப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். பேய்க்கு எதற்கு வாழ்த்து என்று கேட்டேன். "பேய்க்கு இல்லீங்கப்பா, மனுசங்களுக்குத்தான்" என்றாள். மச்சான், நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். முதலில் மஞ்சள் மையை ஸ்பாஞ்சில் தொட்டுத் தேய்க்கிறாள், அதன்மேல் ஆரஞ்சு, ஈரக் கையை உதறினால் துளி விழுந்த இடமெல்லாம் வெளுத்து மேகமாகிறது, கடைசியில் ஓரத்தை மட்டும் கருப்பாக இழுத்துவிட்டால் நடுவில் தானாக நிலா வெளிச்சம் வந்துவிடுகிறது! பூசணிக்காய்க்கு மட்டும் மூன்று அச்சு. ஒன்று உருண்டை, ஒன்று நிழல், ஒன்று கண்ணும் பல்லும். ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் உட்கார வேண்டும், நான் வைத்ததில் கண் ரெண்டும் காய்க்கு வெளியே போய் விழுந்தது. புதுவீட்டில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடுவோமே, அதே பூசணி, அதே கோரைப்பல். நாம் கெட்டதை விரட்டக் கட்டுகிறோம், வெள்ளைக்காரர்கள் அதற்குள் விளக்கேற்றி வரவேற்கிறார்களா, இல்லை அவர்களும் விரட்டத்தான் செய்கிறார்களா? எனக்கு இன்னும் தெரிந்தபாடில்லை.

அவள் ஆபீஸ் போனதும் நான் சொந்தமாக ஒன்று செய்தேன். எங்கள் தோட்டத்தில் எது விளைந்தாலும் முதல் கூடை உங்கள் வீட்டுக்குத்தானே வரும்? அதேபோல முதல் அட்டையும் உங்களுக்கே என்று வைத்தேன். அச்சுகளுக்குள் நட்ட கல் மாதிரி ஒரு படம் இருந்தது, சர்வேக்கல் என்று நினைத்தேன். அதன் தலையில் ஆர்.ஐ.பி. என்று மூன்று இங்கிலீஷ் எழுத்து, கம்பெனி பெயராக்கும். கீழே வெற்றிடம் விட்டிருந்தார்கள், அனுப்புகிறவன் பேர் எழுதத் தோதாக இருந்தது, என் பெயரையும் தேதியையும் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். அது கல்லறைக் கல் என்பதும், நம்மூரில் ஓரம் கருத்த அட்டை எதற்கு வரும் என்பதும் சத்தியமாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

அது வந்து சேர்ந்த அன்றைக்கு நீங்கள் போன் அடித்தது எனக்குத் தெரியும். கை நிறைய மை, எடுக்கவில்லை. ராசம்மாளும் மௌனிகாவும் ஜவுளிக்கடை இரைச்சலில் இருந்தார்கள், அவர்களும் எடுக்கவில்லை. நீங்கள் முடிவே கட்டிவிட்டீர்கள். வேன் நிறையச் சொந்தக்காரர்கள், ராசம்மாளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை, உங்கள் வார்டு மெம்பர் கையில் பெரிய பூ ரீத்து. "எழவு சொல்லாம கருமாதிக்குக் கார்டு போடறீங்களே, நாங்கெல்லாம் செத்தா போய்ட்டோம்!" என்று நீங்கள் கத்தியது செக்போஸ்ட் வரைக்கும் கேட்டிருக்கும். சத்தம் கேட்ட மறு நிமிஷமே ஓடிவந்து கதவைத் திறந்தேன். மூஞ்சியெல்லாம் கருப்பு மை, கையில் வௌவால் அச்சு. நீங்கள் மெம்பர்மேல் சாய்ந்தீர்கள், மெம்பர் ரீத்தின்மேல் சாய்ந்தார். "எந்திரிங்க மச்சான், காப்பி குடிக்கலாம்" என்றுதானே சொன்னேன்? உயிரோடு இருக்கிறவனைப் பார்த்து ஒரு மனிதருக்கு இவ்வளவு கோபம் வருமா?

மைகளைப் பெட்டியில் பூட்டிச் சாவியை மௌனிகாவிடம் கொடுத்துவிட்டேன். கல்யாணப் பத்திரிகை இத்துடன் இருக்கிறது. நான்கு மூலையிலும் மஞ்சள் நானே தடவினேன், விரலால், ஒரே ஒரு பூச்சு. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் கிணற்றில் தண்ணீரும் உங்கள் மனசில் கொஞ்சம் ஈரமும் ஊறட்டும்.

இப்படிக்கு,
உயிருள்ள மைத்துனன்,
பூபதிராஜா

பி.கு.: மறு நிமிஷமே கதவைத் திறந்தேன் என்று மேலே எழுதியது பொய் மச்சான். கதவுக்குப் பின்னால் காதை வைத்து நின்றிருந்தேன். கத்தி முடித்ததும் நீங்கள் படியில் உட்கார்ந்து, "மச்சா, இனி நான் ஆருகூடச் சண்டை போடுவனுங்க" என்று அழுதீர்களே, கல்யாணமான நாள் முதல் உங்கள் வாயால் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்டதில்லை. இன்னும் என்ன சொல்வீர்களோ என்று ஆசையாக இருந்தது. மை மூஞ்சிக்கு வந்தது அச்சடித்ததால் அல்ல, அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தை மாதம் வாருங்கள். பந்தியில் உட்கார்ந்து சாம்பாரில் உப்பில்லை என்று என்னோடு சண்டை போடுங்கள்.