வளையலும் மாத்திரையும்

சோப்புப் போட்டும் வளையல் கழலவில்லை. நல்லெண்ணெய் ஊற்றியும் கை வீங்கியதுதான் மிச்சம்.

"விடுங்க, வலிக்குது!" என்றாள் சிவகாமசுந்தரி.

"மெசேஜ்ல தெளிவா போட்டிருக்கான் லா. எலும்பு ஸ்கேனுக்கு உலோகம் கூடாது." அவள் கணவர் மருதப்பன் கைப்பேசியை ஆட்டினார். போன மாதம் ஸ்டூலிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர். கட்டுப்போட்ட கையால்தான் இத்தனை அதிகாரமும். இருவருக்கும் வரும் மருத்துவமனைச் செய்திகள் அவர் கைப்பேசிக்குத்தான் வரும்.

"எனக்கு எதுக்கு ஸ்கேன்? நான் விழவே இல்லையே?"

"எலும்பு தேயுறது பொம்பளைங்களுக்குத்தான். டாக்டருக்குத் தெரியாதா?"

ஈசூன் வீட்டிலிருந்து தேக்கா நகைக்கடைக்கு எம்ஆர்டி ரயில். எந்தச் சோதனைக்கும் வெறும் வயிறுதான் நல்லது என்று அவளைப் பட்டினி போட்டுவிட்டு, அவள் எதிரிலேயே இரண்டு பரோட்டா சாப்பிட்டார். அவளுடைய மாத்திரை டப்பாவைத் திறந்தார்.

"அது என் கால்சியம்!"

"நீதான் சாப்பிடலையே. இன்னைக்குப் போட வேண்டியது வீணாகணுமா?" வாயில் போட்டு, தேத்தாரே டீயால் விழுங்கினார்.

நகைக்கடையில் வளையலை வெட்டினார்கள். கல்யாணத்தன்று அம்மா மாட்டிவிட்டது. நாற்பத்தொரு வருஷமாகக் கையைவிட்டு இறங்காதது. இரண்டு துண்டாகப் பிளாஸ்டிக் பையில் கிடந்தது.

"பத்த வச்சா புதுசு மாதிரி ஆயிடும்," என்றார் மருதப்பன்.

அவள் பையை வாங்கிக் கைப்பையில் திணித்தாள். பேசினால் அழுகை வரும். இல்லையென்றால் அவருடைய இன்னொரு மணிக்கட்டும் உடையும்.

மருத்துவமனையில் ரோஷினி என்ற தாதி, சிவகாமசுந்தரியின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டாள்.

"உலோகம் ஒண்ணுமில்லம்மா. வளையலையே வெட்டியாச்சு. பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல," என்றாள் சிவகாமசுந்தரி.

"ஐயோ ஆண்ட்டி! இடுப்பும் முதுகும்தான் எடுப்போம். ஜிப், கொக்கி அங்க இல்லாம இருந்தா போதும். வளையல் இருந்திருக்கலாம். சாப்பிட்டும் வந்திருக்கலாம்."

சிவகாமசுந்தரி கணவர் பக்கம் திரும்பினாள். மருதப்பன் சுவரிலிருந்த கடிகாரத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால்சியம் மாத்திரைதான் முதல் நாளே நிறுத்தணும். போட்டீங்களா?"

"நான் எங்க போட்டேன்? என்னோடதையும் சேர்த்து இவருதான் முழுங்கினாரு."

ரோஷினி கணினித் திரையிலிருந்த பெயரைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். பிறகு மருதப்பனின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள்.

"அப்ப இன்னைக்கு எடுக்க முடியாது ஆண்ட்டி. ஸ்கேன் அங்கிளுக்குத்தான்."