ஆறு மா நிலமும் அடுக்குமொழியும்

எருமைகளிடம் வாழ்க்கைப் பாடம் கற்க வேண்டும் என்று மேடையேறிப் பேசி எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவன் நான். அதை வாங்கிய நாள்வரை எங்கள் வீட்டு எருமைகளை அவிழ்த்துக் கட்டியதுகூடக் கிடையாது.

அப்போது மன்னார்குடியில் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தேன். அடுக்குமொழி பேசத் தெரிந்தால் கோட்டைக்கே போகலாம் என்று கண்ணெதிரே நிரூபணமாகியிருந்த காலம். அங்கே எனக்கும் ஒரு நாற்காலி காலியாக இருப்பதாக நம்பினேன். "மலைக்காதே தோழா! மாட்டைப் பார்! மண்ணைப் பிளக்கும் மாட்டைப் பார்!" என்று ஆரம்பித்தால் பின்வரிசை முழுக்கக் கைதட்டும். (முன்வரிசையில் பேராசிரியர்கள். அவர்கள் தட்ட மாட்டார்கள்.)

டம்ளரோடு ஊருக்கு வந்தால், அப்பா கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறார். மண்வெட்டி பாய்ந்து பாதம் சுரைக்காயாக வீங்கியிருந்தது. நேரமோ மோசமான நேரம். குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்யச் சொல்லிச் சட்டம் வந்திருந்தது. நாங்கள் வருஷக்கணக்காகக் குத்தகைக்கு உழுத ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, "இது எப்போதும் பண்ணையே நேரடியாகச் செய்த சாகுபடி. இவர்கள் இதில் காலே வைத்ததில்லை" என்று பண்ணைக் காரியஸ்தர் சாதித்துக்கொண்டிருந்தார். எங்களுடையது வாய்ப்பேச்சுக் குத்தகை. ஊரிலோ எல்லோருக்கும் பண்ணையில் ஏதாவது ஒரு வேலை இருந்ததால் சாட்சி சொல்ல ஆளில்லை. மறுநாள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் பார்க்க வருகிறார். அந்த நேரத்தில் வயலில் எங்கள் ஏர் ஓடவில்லை என்றால் பண்ணை ஏர் இறங்கிவிடும். அதற்கப்புறம் எங்களுக்குச் சோறு கிடையாது.

பெண்பிள்ளை ஏரைத் தொடக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஆகவே அம்மாவை விட்டால் மிச்சம் நான்தான்.

"தம்பி, நீ ஒண்ணும் செய்ய வேணாம்" என்றார் அப்பா. "மேழியை லேசாப் புடிச்சுக்கிட்டுப் பின்னாடியே போ. அதுங்களுக்கு எல்லாம் தெரியும்."

எருமைக்குத் தெரியுமாம், எனக்குத் தெரியாதாம்! ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினேன். மேட்டூர் திறந்து வாய்க்காலில் வந்த தண்ணீர், வயல் முழுக்கத் தேங்கி நின்றது. இதை எப்போது உழுது முடிப்பது என்று மலைத்தேன். மன்னார்குடியில் பேர்போன பேச்சாளன் மலைக்கலாமா? சுழியன், மொட்டை என்ற எங்கள் இரண்டு எருமைக் கடாக்களையும் பார்த்து, "புறப்படுங்கள் தோழர்களே!" என்றேன். சுழியன் சாணி போட்டது. மொட்டை அதுகூடச் செய்யவில்லை.

"அதுங்ககிட்ட என்னடா பிரசங்கம்? வாயை மூடிக்கிட்டு மேழியைப் புடி" என்று வரப்பிலிருந்து அம்மா கத்தினாள்.

அந்த நேரம் பார்த்து சைக்கிளில் குடையோடு இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். பின்னாலேயே காரியஸ்தரும் ஊர்த் தலையாரியும். பதற்றத்தில் மேழியை ஓங்கி அமுக்கினேன். ஏரின் கொழு ஆழத்தில் போய் மாட்டிக்கொண்டது. நான் குப்புற விழுந்தேன்.

"பார்த்தீங்களா சார்? இவனா உழவன்? இவன் வீட்டு ஏரா இந்த வயலை உழுதிருக்கும்?" என்று காரியஸ்தர் சிரித்தார்.

வாய் நிறைய சேறு. அதனால் பேச முடியவில்லை. எழுந்து மேழியை மட்டும் பிடித்துக்கொண்டேன். என்ன ஆச்சரியம், எருமைகள் நடக்க ஆரம்பித்தன! உழவுச் சால் நேராக விழுந்தது. ஆனால் வயலின் நடுவே வந்ததும் இரண்டும் சொல்லிவைத்தாற்போல இடதுபக்கம் ஒதுங்கி, வளைந்து போய், மறுபடியும் நேராயின. அதிகாரி முன்னால் கோணல் சால்! எனக்கு மானம் போயிற்று. அடுத்த சுற்றில் அதே இடத்துக்கு வந்ததும் கயிற்றைப் பலம்கொண்ட மட்டும் இழுத்து நேராக ஓட்டினேன். எருமைகள் தலையை ஆட்டி மறுத்தன. நான் விடவில்லை.

'டங்' என்று ஒரு சத்தம். மேழி எகிறி என் தாடையில் இடித்தது. நான் இரண்டாவது முறையாகச் சேற்றில் மல்லாந்தேன்.

இன்ஸ்பெக்டர் குடையை மடக்கினார். காரியஸ்தர் பக்கம் திரும்பி, "என்னங்க அது, தண்ணிக்குள்ள?" என்று கேட்டார்.

"அது... ஏதாவது கல்லா இருக்கும் சார்."

"நேரடி சாகுபடின்னு சொன்னீங்க. உங்க ஏருக்குத் தெரியாதா?" என்றவர் அம்மாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

"பனங்கட்டைங்க" என்றாள் அம்மா. "முன்னாடி இங்க ஒரு வரப்பு இருந்துச்சு, அதுல ஒரு பனை. ரெண்டு வயலையும் ஒண்ணாக்கறப்ப இவங்க அப்பா மரத்தை வெட்டினாரு. கட்டை மட்டும் வரலை. அதுலேருந்து இதுங்க ஒதுங்கித்தான் போவும்."

கூட வந்த தலையாரி இறங்கித் துழாவினார். "கட்டைதாங்க. பனைதான்" என்று சொல்லிவிட்டுக் கரையேறினார். இன்ஸ்பெக்டர் அங்கேயே நின்று அப்பாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

புறப்படும்போது, என்மேல் பரிதாபப்பட்டோ என்னவோ, "தம்பி நல்லா உழுதுச்சும்மா" என்றார்.

அம்மாவுக்குப் பொய் வராது. "அதுங்க உழுதுச்சுங்க. இவன் கூடப் போனான்."

செய்தி கேட்டதும் அப்பா ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு எழுந்து வந்தார். வீங்கிய தாடையோடு நின்ற என்னைத் தாண்டிப் போய், சுழியன் கழுத்தையும் மொட்டை கழுத்தையும் மாறி மாறிக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் கண்ணீர் வந்தது. தாடை வலி என்று சொல்லிக்கொண்டேன்.

கோட்டை நாற்காலி கிடைக்கவில்லை. வாத்தியார் வேலை கிடைத்தது. என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் தேறிய வருஷம் இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். "பிள்ளைங்க படிச்சுதுங்க. நீ கூடப் போனே" என்று சொல்லிவிட்டு அம்மா ஒரு லட்டை எடுத்துக்கொண்டாள். என் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் நான் வண்டிக்கு அலைந்ததையும் டாக்டருக்காக ஓடியதையும் விலாவாரியாக விவரித்துக்கொண்டிருந்தேன். பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"மருமவ பெத்தா. இவன் கூடப் போனான்."