ஜெயவேலு வரவழைச்ச அம்மை

பொய்யா? நான் எதுக்குடி பொய் சொல்லணும், மிருதுளா? அவங்க வூட்டுக்கும் நம்ம வூட்டுக்கும் நடுவுல ஒரே செவுரு. எல்லாம் காதுல வுழும். ஜெயவேலுக்கு அம்மை தானா வரல. தலைமுடிய காப்பாத்திக்க அவனா வரவழைச்சுகினான்.

அம்பது வயசுல அப்பிடி ஒரு சுருட்டை முடி. பைக் கண்ணாடியில சீவ ஆரம்பிச்சான்னா, பைக்குக்காரன் வந்து காத்துகினு நிக்கணும். அந்தத் தலையத்தான் பொண்டாட்டி ரத்தினபாய் நேர்ந்துகினா. பொண்ணு பிளஸ் டூ பாசானா வூட்டுக்காரரு மொட்டை போடுவாருன்னு. வேண்டுனவ இவ, தலை அவனுது. பொண்ணு பாசாயிட்டா.

உசுரே போனாலும் முடியக் குடுக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டான். அம்மை போட்ட வூட்ல வாசப்படி தாண்டக் கூடாது, தலையில கத்தி படக் கூடாது இல்ல? கோயிலுக்குக் கெளம்புற அன்னிக்கு விடியக்காத்தால பீர்க்கன்கரணை ஏரிக்கரைக்குப் போனான். செந்தட்டி எலையப் பறிச்சுக் கை, கழுத்தெல்லாம் தேய்ச்சுகினான். பட்டாலே அரிக்கும் அது. எங்க வூட்டுக்காரரு ஒருதரம் தெரியாம அதுமேல குந்திட்டு, கல்யாண வூட்ல பந்தி முழுக்க நின்னுகினே சாப்பிட்டாரு. அத வுடு.

"ரத்தினா, அம்மா வந்துட்டாடி!"ன்னு பாய விரிச்சுப் படுத்துட்டான்.

நெத்தியத் தொட்டுப் பாத்தா. ஜில்லுன்னு கீது. ஒடம்பெல்லாம் தடிப்பு, ஒண்ணுலயும் நீர் கோக்கல. ரெண்டு புள்ளைங்களுக்கு அம்மை பாத்தவ அவ. மொதல்ல ஜுரம், அப்பால நீர்க்கொப்புளம்னு தெரியாதா? தெரிஞ்சுகினே போயி வாசல்ல வேப்பிலை சொருவுனா.

"வைரஸாங்க. ஒட்டிக்கும்னு டாக்டரு சொல்லியிருக்காரு. தனி ரூம்ல படுங்க."

போனு போச்சு. டிவி போச்சு. தாளிப்பு கெடையாது. காலையில கூழு, மத்தியானம் கூழு. அந்தாண்ட பக்கத்து வூட்டு ஜான்சி வஞ்சிரம் வறுக்குறா, வாசனை சன்னல் வழியா வந்து இவன் பாயிலயே படுத்துக்குது. பல்லக் கடிச்சுகினு கெடந்தான். தடிப்பு அமுங்க அமுங்க பாத்ரூம்ல போயி மடியில ஒளிச்சு வெச்சிருந்த எலையத் தேய்ச்சான்.

"இன்னாங்க, நேத்து வலது கைல இருந்தா, இன்னிக்கு எடது கைல கீறா? அம்மா இன்னா வாடகை வூடா மாத்துறா?"

"அது... பரவுதுடி."

"எறங்குற மாதிரி தெரியல. அதான் இன்னொண்ணும் நேர்ந்துகினேன்."

"இன்னா?"

"மொட்டையோட மீசையும்."

துள்ளி எழுந்துட்டான்.

"அய்யய்யோ! அம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல! செந்தட்டிடி! தொட்டுப் பாரு, ஜுரம் கீதா? கொப்புளம் கீதா? கல்லு மாதிரி கீறேன்!"

"சத்தியமா?"

"உன் மேல சத்தியமா!"

சன்னலத் தொறந்து ஒரு சத்தம் குடுத்தா பாரு. "ஆட்டோக்காரண்ணே, வண்டிய ஸ்டார்ட் பண்ணு! அவருக்கு ஒடம்பு ஒண்ணும் இல்லியாம்!"

"அப்ப மீசை?"

"வேண்டுனத வாபஸ் வாங்க முடியுமா? ஏறுங்க."

தோ, வாசல்ல செருப்பு வுடுறது யாருன்னு பாரு. நம்ம ஜெயவேலுதான், கோயில் பிரசாதம் குடுக்க வந்துகீறான். சிரிக்காதடி மிருதுளா, பாவம். ஏம்மா மருமவளே அன்பு, சந்தனம் கொழைச்சு எடுத்துகினு உள்ள வா! பெரிய கிண்ணமா எடு, மூக்குக்குக் கீழயும் தடவணும்.