ஓடுகிறதா என்று கேட்டிருந்தாய்

அன்பு மகளுக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்தை அம்மா தினமும் என்னிடம்தான் விசாரிக்கிறாள். உன் அறைக் கம்ப்யூட்டரில் அந்த விர்ச்சுவல் மெஷின் ஓடுகிறதா என்று பார்த்து ஒரே வார்த்தையில் பதில் போடச் சொல்லியிருந்தாய். ஒரு வார்த்தையில் அடங்கவில்லை, பொறுத்துக்கொள்.

மெஷின் எங்கே என்று மேஜைக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் தேடியதில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அது கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிற இன்னொரு கம்ப்யூட்டர், அதற்கு உடம்பு கிடையாது என்றார் பக்கத்து வீட்டு மெக்கானிக். கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "உடம்பே இல்லாதது ஓடுதான்னு கேக்கிறா. உடம்போட இருக்கிற நம்மளக் கேக்கலையே" என்றாள். கறுப்புத் திரையில நீ அனுப்பின கட்டளையைத் தட்டினேன், நடுவுல இடைவெளி விடாததால அப்படி ஒரு கட்டளையே இல்லைன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிருச்சு, இடைவெளி விட்டுத் தட்டினா வெறும் தலைப்பு மட்டும் வந்துது, கீழே ஒண்ணுமே இல்லை, எதையோ தொட்டு உன் வேலையைக் கெடுத்துட்டேனோன்னு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். மெக்கானிக் திரும்ப வந்து பார்த்துட்டு, நான் என் பேர்ல நுழைஞ்சிருக்கேன், மகளோட பேர்ல நுழைஞ்சாத்தான் மகளோடது தெரியும்னார். நீ கொடுத்த பாஸ்வேர்டைப் போட்டேன். நீ கடைசியா வந்து இதுல நுழைஞ்ச தேதியைக் காட்டிச்சு. அம்மா அந்த வரியையே பார்த்துக்கிட்டு நின்னா. அப்புறம் கட்டளையைத் தட்டினதும் உன் மெஷின் பேரும் பக்கத்துல 'ரன்னிங்'னும் வந்துது.

"ஓடுது" என்றேன்.

"இன்னொரு தடவை கேளுங்க" என்றாள். கேட்டேன், அதே பதில். அடுப்பை மறந்துட்டு உன் நாற்காலியிலேயே உட்கார்ந்துட்டா. அவ எழுந்திருக்கிற வரைக்கும் நானும் நின்னேன்.

ஆக, மெஷின் ஓடுகிறது. நீ இதற்காக வர வேண்டிய அவசியமே இல்லை. வேலையை நிம்மதியாகப் பார், வேளைக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, நீ எங்கிருந்தாலும் நன்றாக இரு.

உன்
அப்பா

பின்குறிப்பு: எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 'அவசியமே இல்லை' என்ற இடத்தில் எழுந்து உன் அறைக்குப் போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். இப்போது ஓடவில்லை. மெக்கானிக்கால் முடியாது, நீ நேரில் வந்தால்தான் ஆகும் என்கிறாள். மெக்கானிக்கை நாங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.