ஆயிரத்துத் தொள்ளாயிரம் கலோரி

நண்டுக்கறியின் நிறை அறுநூற்று நாற்பது கிராம். கிண்ணத்தின் நிறையைக் கழித்தாயிற்று. நண்டின் ஓட்டு நிறையை எப்படிக் கழிப்பது என்பதில்தான் கனகசிங்கம் மாஸ்டர் நின்றுவிட்டார்.

"ஓடு எவ்வளவெண்டு திண்டு முடிச்சாத்தான் தெரியும்," என்றார் மனைவியிடம். "எவ்வளவெண்டு தெரியாமத் தின்னவும் ஏலாது."

"அப்ப கறி ஆறட்டும்," என்றாள் அன்னப்பூரணி.

மாஸ்டருக்கு ஐம்பத்துநான்கு வயது. களுதாவளைக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறார். போன கிழமை கிளினிக்கில் அவருடைய நிறை தொண்ணூற்றுநான்கு கிலோ. டாக்குத்தர் சுருக்கமாகச் சொன்னார்: மூன்று மாதத்தில் ஆறு கிலோ இறங்கவேண்டும், இரத்தத்தில் சீனியும் இறங்கவேண்டும். இறங்காவிட்டால் தினமும் இன்சுலின் ஊசி.

மாஸ்டர் அமிலத்துக்குப் பயப்படாதவர். ஆனால் பாடசாலையில் தடுப்பூசி போடும் நாளில் ஆய்வுகூடத்தை உள்ளே பூட்டிக்கொண்டு சோதனைக் குழாய் கழுவுவார்.

அன்று மாலையே கொப்பி திறக்கப்பட்டது. நிறை, உயரம், வயது மூன்றையும் சூத்திரத்தில் போட்டார். சும்மா கிடந்தாலே உடம்புக்கு ஆயிரத்து எழுநூற்று இருபத்தைந்து கலோரி வேண்டும். நின்று படிப்பிப்பதையும் சைக்கிள் மிதிப்பதையும் சேர்த்தால் இரண்டாயிரத்து நானூறு. அதில் ஐந்நூறைக் கழித்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரம். கிழமைக்கு அரைக் கிலோ மெதுவாக இறங்கும். இறங்கியது திரும்பி ஏறாது. காத்தான்குடிக்குப் போய் ஒரு சின்ன மின்தராசும் வாங்கி வந்தார்.

கணக்கில் பிழை இல்லை. பிழை வளவில் இருந்தது.

வளவில் மூன்று வீடுகள். மூன்றும் மூன்று சகோதரிகளுக்குச் சீதனமாகக் கட்டியவை. மூத்தவள் அன்னப்பூரணி, அடுத்தவள் புஸ்பம், கடைசி கேதீஸ்வரி. நடுவில் வேலி இல்லை. ஒரு வீட்டில் கறி இறங்கினால் மற்ற வீடுகளுக்கு ஒவ்வொரு கிண்ணம் போகும். வந்த கிண்ணம் வெறுமையாகத் திரும்பக்கூடாது. மாஸ்டர் மாப்பிள்ளையாக வந்த நாள் முதல், இருபத்தாறு வருடமாக, இது ஒரு நாளும் தவறியதில்லை.

மாஸ்டர் கிண்ணத்தையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு, நண்டுக்கறியை அனுப்பிய புஸ்பத்தின் குசினி வாசலுக்குப் போனார்.

"புஸ்பம், இந்தக் கறிக்கு எத்தனை கிராம் தேங்காப்பூ?"

"கிராமா அத்தான்? ஒரு தேங்காய்."

"சின்னனா பெரிசா?"

"மரத்துல காச்ச தேங்காய்தான். ஏன், கறி சரியில்லையா?"

"கறி நல்லம். எண்ணெய் எத்தனை கரண்டி?"

புஸ்பம் கரண்டியைக் கீழே வைத்தாள். "அக்கா!" என்று எட்டிக் கூப்பிட்டாள். "இவர் என்னகா, என்னைப் பொலிசுல குடுக்கப் போறாரா?"

கணக்கெடுக்க முடியாததை உண்ண முடியாது. மாஸ்டர் கறியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது கொழுப்புக்கும் கலோரிக்கும் உள்ள தொடர்பைச் சுருக்கமாக விளக்கவும் செய்தார். புஸ்பம் கடைசிவரை கேட்டாள். பிறகு அந்தப் பக்கத்து யன்னலைச் சாத்தினாள். இரண்டு நாள் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் கேதீஸ்வரி வந்தாள்.

"அத்தான், சின்னக்கா அழுறா. கறியத் திருப்பி விட்டாக்கள் இந்த வளவுல ஒருத்தரும் இல்லயாம். அப்பா கோவிச்சுக்கொண்டு இரிந்த காலத்திலயும் கிண்ணம் போச்சு வந்துதாம்."

மாஸ்டர் யோசித்தார். "சரி. இனி வாங்குறம்," என்றார்.

வாங்குவது வேறு, உண்பது வேறு. அன்றே மனைவிக்குப் புது ஏற்பாட்டைச் சொன்னார். ஒரு வீட்டிலிருந்து வருவதைக் கிண்ணம் மாற்றி அடுத்த வீட்டுக்குக் கடத்திவிட வேண்டும்.

"அவளவைக்குத் தெரிஞ்சா?"

"கறியில பேரா எழுதியிரிக்கு?"

சனிக்கிழமை பத்து மணிக்குப் புஸ்பத்திடமிருந்து சமாதானம் வந்தது. அத்தானுக்கென்றே காய்ச்சிய வாவி நண்டு, முன்னையதைவிடப் பெரியது. அன்னப்பூரணி அதைத் தன் கிண்ணத்தில் ஊற்றிக் கேதீஸ்வரிக்கு அனுப்பினாள். கேதீஸ்வரியின் அடுப்பில் இறால் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு கறி எதற்கு, சின்னக்காவுக்குக் கவலை, அவ தின்னட்டும் என்று தன் கிண்ணத்தில் மாற்றிப் புஸ்பத்துக்கு அனுப்பினாள்.

முழுச் சுற்றுக்கும் நாற்பது நிமிடம்.

புஸ்பம் கிண்ணத்தோடு வந்து முற்றத்தில் நின்றாள். சத்தம் போடவில்லை. அதுதான் மாஸ்டருக்குப் பயமாக இருந்தது.

"ஒம்பது கால் வச்சு அனுப்பினன் அத்தான். ஒம்பதும் நடந்து என்ட வீட்டுக்கே வந்திரிக்கு."

அன்று தங்கைகள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அத்தானுக்கு அவர்களுடைய கைச்சமையல் அலுத்துவிட்டது. இன்னும் ருசியாகக் காய்ச்சவேண்டும். மறுநாளிலிருந்து இரண்டு வீடுகளிலிருந்தும் மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று கிண்ணங்கள் வந்தன. எல்லாவற்றிலும் தேங்காய் முதற்பால் அதிகம். நான்கு கிண்ணத்தையும் சேர்த்தால், ஓடு முள்ளு நீங்கலாக, ஆயிரத்து நானூறு கலோரிக்குக் குறையாது. கொண்டுவந்தவர்கள் வாசலில் நின்று அவர் முதல் வாய் எடுத்து வைப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

அடுத்த கிழமை நிறை தொண்ணூற்றைந்து.

மாஸ்டர் கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தார். "பூரணம், எனக்கு ஊசிதான்," என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

அன்னப்பூரணி அவரைப் பார்த்தாள்.

"உங்கட ஆயிரத்துத் தொள்ளாயிரத்த நீங்க பாருங்க," என்றாள். "கிண்ணத்த நான் பாக்கிறன்."

அதன்பின் ஒழுங்கு வந்தது. மத்தியானச் சாப்பாட்டை மாஸ்டர் தராசில் நிறுத்துக் கட்டிப் பாடசாலைக்குக் கொண்டுபோனார். மாலை ஆறரைக்குத் தராசை முன்னால் வைத்துக்கொண்டு தனியே உண்டார். குரக்கன் பிட்டு இவ்வளவு, அவித்த மீன் இவ்வளவு, கீரை விரும்பிய அளவு. உண்டதும் வாவிக்கரை வரை நடந்தார். திரும்பி வரும்போது தங்கைகளின் கிண்ணங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. "அத்தானுக்கு நல்லாப் பிடிச்சிட்டு," என்று அன்னப்பூரணி சொன்னதாகக் கேள்வி. வளவில் சமாதானம்.

ஒருநாள் கேட்டார். "எங்க குடுக்கிறாய்?"

"ஒரு மனுசிக்கு. கூட இரிந்து சாப்பிட ஆளில்லாதவ."

ஒழுங்கை முடிவில், கடைசி வீட்டில் தனியே இருக்கும் பென்ஷன் எடுத்த மருத்துவிச்சி அவர் நினைவுக்கு வந்தாள். மனம் நெகிழ்ந்தது. கணக்குக்கும் சரி, புண்ணியத்துக்கும் சரி.

"அவவுக்குப் பிடிச்சிரிக்காமா?"

"ஓம். ஆசையாத்தான் தின்னுறா."

"பாவம், நல்லாக் குடு. நாலு எலும்புதானே அவ."

அன்னப்பூரணி சீலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "சரி," என்றாள்.

மூன்று மாதம் முடிந்தது. அன்னப்பூரணிக்கும் அன்றைக்கே பிரஷர் பார்க்கும் முறை. இருவரும் ஒன்றாகப் போனார்கள். கிளினிக் தாதி நிஸ்றா மிஸ்ஸி மாஸ்டரை நிறுத்தாள். எண்பத்தெட்டு.

"சேர், சரியா ஆறு கிலோ!"

டாக்குத்தர் சீனியையும் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஊசி தேவையில்லை என்று எழுதினார். மாஸ்டர் அந்தத் துண்டை இரண்டு தரம் வாசித்தார். வெளியே வாங்குகளில் உட்கார்ந்து இருபது பேர் காத்திருந்தார்கள். அவரால் சும்மா போக முடியவில்லை.

"பட்டினி கிடக்கப்படாது," என்றார் அவர்களிடம். "பட்டினியில போன நிறை ரெண்டு மாசத்துல திரும்பி வரும். தேவையில ஐந்நூறு குறையுங்க. அவ்வளவுதான். எல்லாம் கணக்கு."

"ஊட்டுல ஆக்கிறது மிஞ்சுமே சேர்?" என்றார் ஒரு முதியவர். "அத என்ன செய்யிற?"

"இல்லாத ஒராளுக்குக் குடுக்கிறது. நாங்க அப்பிடித்தான்."

வாங்கில் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

உள்ளே அன்னப்பூரணி தராசில் ஏறி நின்றாள். நிஸ்றா மிஸ்ஸி முள்ளைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். கைப்பையை வாங்கி மேசையில் வைத்தாள். திரும்ப ஏற்றினாள். பிறகு இரண்டு பேருடைய கிளினிக் கொப்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, விரலால் கோடு பிடித்துப் பார்த்தாள்.

"சேர், கொஞ்சம் உள்ள வாங்க," என்றாள். அவள் சிரிக்கவில்லை. "நீங்க ஒண்டும் குறைக்கல்ல. ஆறு கிலோவையும் இந்த அம்மாக்கிட்டக் குடுத்து வச்சிரிக்கீங்க."