மூணடியும் என் ஒன்றேகால் அடியும்

என் வீட்டை இடிக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான்தான். விரோதி எவனும் எழுதவில்லை. நானே, என் கையால், முழு வெள்ளைத்தாளில் மார்ஜின் விட்டு, கார்பன் வைத்து மூன்று பிரதி எடுத்து, கீழே கையெழுத்தும் போட்டேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்துவிட்டு, ‘நடை நன்றாக வந்திருக்கிறது’ என்ற சந்தோஷத்தில் இன்னொரு டீ குடித்தேன். இந்தப் புத்திசாலி எழுதுவதைத்தான் நீங்கள் வாராவாரம் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்தக் கதைக்கு முன்னால் மூணடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரம்பலூர், அரியலூர் இரண்டையும் சல்லடையில் போட்டுச் சலித்தாலும், அளவு விஷயத்தில் பொய் சொல்லத் தெரியாத ஆள் ஒருவர்தான் தேறுவார். அவர் எங்கள் தெருவில் ஒன்பதாம் நம்பர் வீட்டில் குடியிருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் மூணடி.

சர்வே ஆபீசில் செயின்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நிலம் அளக்கும்போது சர்வேயர் ஒரு முனையில் நின்று அளவைப் படிப்பார். எதிர் முனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பவர்தான் செயின்மேன். குன்னம் சோளக்கொல்லையிலிருந்து ஜெயங்கொண்டம் முந்திரிக்காடு வரைக்கும் முப்பது வருஷம் அந்த எதிர் முனையை ஆடாமல் அசையாமல் பிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரே கொள்கை: வீட்டுக்கு வீடு பக்கவாட்டில் மூன்றடி விட வேண்டும்.

“ஏண்ணே, மூணடி விட்டு என்ன பண்றது?” என்று கேட்டால், நம்மை அனுதாபத்தோடு பார்ப்பார்.

“காத்து வரணும்ல சார். வந்த காத்து திரும்பிப் போவணும்ல? அதுக்கு வழி வேணாமா?”

சொன்னதோடு நிற்கவில்லை. தன் சின்ன மனையில் இரண்டு பக்கமும் மூன்றடி விட்டு, மிச்சத்தில் வீடு கட்டினார். வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமாக வந்தது. அவர் மனைவி தெருவில் எல்லாரிடமும் சொல்வார்: “காத்துக்கு ரெண்டு பக்கமும் ரோடு போட்டுக் குடுத்துருக்காரு. எனக்குத்தான் கட்டிலப் போட்டா கதவு தொறக்க மாட்டேங்குது.”

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரரை “கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க” என்பார். ஒரு சனிக்கிழமை கல்லங்குறிச்சி பெருமாள் கோயில் வரிசையில், முன்னால் நின்றவருக்கும் தனக்கும் நடுவே அவர் இடைவெளி விட்டுக்கொண்டே போக, அந்த இடைவெளியில் ஒரு சுற்றுலா பஸ் கூட்டம் முழுவதும் புகுந்துவிட்டது. பெருமாளைப் பார்க்க மத்தியானம் ஆயிற்று. கூடப் போனவன் நான். எனக்குப் பசி, அவருக்கோ நல்ல காற்று.

அளப்பதற்கு அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. எங்கள் தெரு முனையில், என் வீட்டு மதிலை ஒட்டி, ஒரு அளவுக்கல் நட்டிருக்கிறது. எந்த அளவும் அந்தக் கல்லிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். “கல்ல விட்டுட்டு நடுவுலேருந்து அளக்குறவன் அளக்குறவனே இல்ல சார்” என்பார். என் வீடு நம்பர் ஒன்று. ஆகவே அவர் தெருவை அளக்கக் கிளம்பினால் முதல் பலி நான்தான்.

என் தங்கை சுமதி புருஷனோடு ஒத்துவராமல் இரண்டு பெண் குழந்தைகளோடு வந்து நின்றபோது, மாடியில் ஒரு அறையும் சமையல்கட்டும் எழுப்பினேன். உள்ளே படி வைக்க இடமில்லை. பக்கத்துச் சந்தில் ஏற்றிவிட்டேன். அவளுக்கு வாசல், படி, வழி எல்லாம் அது ஒன்றுதான். அங்கே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துப் பிழைத்தாள்.

சிமென்ட் காய்வதற்குள் மூணடி டேப்போடு வந்துவிட்டார்.

“அந்த முனையப் புடிங்க சார்.”

பிடித்தேன். மதிலோடு சேர்த்துப் பிடிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, ஒன்றேமுக்கால் அடி டேப்பைச் சுருட்டி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டேன். அவர் படியோரம் குனிந்து படித்தார்.

“மூணடி.”

எனக்கு ஒரே பெருமிதம். அவர் நிமிர்ந்து என் முஷ்டியைப் பார்த்தார். சாதாரணமாக டேப் பிடிக்கிற கை பன் ரொட்டி மாதிரி உப்பியிருக்காது.

“கையத் தொறங்க.”

திறந்தேன். டேப் பாம்பு மாதிரி நெளிந்து விழுந்தது. ஒரு செங்கல்லை எடுத்து வந்து முனைமேல் வைத்து மறுபடி அளந்தார். ஒன்றேகால் அடி. தெருவில் எல்லா வீட்டு அளவும் இருக்கிற தன் நோட்டில் குறித்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து யாரையும் முனை பிடிக்கக் கூப்பிட்டதில்லை. எங்கே போனாலும் கையில் அந்தச் செங்கல்லும் போகும். தெருவில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் காதர் பாய் வந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர். இருபது வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து, ஊரில் வயல் பார்த்துக்கொண்டு எங்கள் தெருவோடு பழகியவர். தெருவுக்கு எதிரே இருந்த காலி இடத்தை வாங்கினார். அது தனி வீடுகளுக்கென்று ஒதுக்கிய இடம். அதை அடுக்குமாடிக்கு மாற்றிக் கொடுங்கள், நாலு மாடியில் பதினாறு வீடு கட்டப் போகிறேன் என்று விண்ணப்பம் போட்டார். ‘ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்’ என்று ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

தெரு பற்றிக்கொண்டது. பெரம்பலூர் மாவட்டத் தலைநகரமாகிச் சில வருஷந்தான் ஆகியிருந்தது. நேற்றுவரை பருத்திக்காடாக இருந்த இடத்தில் வீடு கட்டியவர்கள் நாங்கள். எங்களுக்குப் பிறகு யாரும் வரக் கூடாது என்பதில் இருபத்திரண்டு வீட்டில் இருபத்தொன்று ஒற்றுமையாக இருந்தது.

“பதினாறு வூட்டுக்காரனும் மோட்டாரப் போட்டு உறிஞ்சுனா நம்ம போருல காத்துதான் வரும்” என்றார் எங்கள் தெருச் சங்கத் தலைவர். கடைசி வீட்டுக்காரர், உரக்கடை வைத்திருந்தார்.

“நாலாவது மாடியிலேருந்து பாத்தா நம்ம கொல்ல பூரா தெரியும். துணி தொவைக்க முடியுமா, குளிக்க முடியுமா?” என்றது பெண்கள் பக்கம்.

காதர் பாய் பொறுமையாகத்தான் பேசினார். “துபாய்ல முப்பதாவது மாடில இருந்தேன். வல்லாஹி, ஆண்டவன் மேல சத்தியமா, ஒருத்தன் ஒருத்தன எட்டிப் பாத்ததில்ல. எல்லாருக்கும் அவன் அவன் கவல. இங்க ஆபீசு வந்துருச்சு, ஆஸ்பத்திரி வந்துருச்சு. நர்சம்மாவும் டீச்சரம்மாவும் தினம் திருச்சிலேருந்து பஸ்ல தொங்கிக்கிட்டு வர்றாங்க. அவங்க எங்கதான் தங்குறது, சொல்லுங்க?”

“எங்கயாச்சும் தங்கட்டும். எங்க தெருவுக்கு எதுக்க வேணாம்” என்றார் தலைவர். கை ஓங்குகிற அளவுக்குப் போய்விட்டது. அதுவரைக்கும் காதர் பாய் தலைவர் கடையில்தான் கடன் சொல்லாமல் உரம் வாங்கிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து இருவரும் முகம் பார்ப்பதில்லை. ரம்ஜானுக்கு அவர் வீட்டிலிருந்து தெருவுக்கு வருகிற பிரியாணித் தூக்குவாளியும் அந்த வருஷம் வரவில்லை.

நான் சங்கச் செயலாளர். மனு எழுதும் பொறுப்பு என் தலையில். தண்ணீர், துணி என்று எழுதினால் அதிகாரிகள் மதிக்க மாட்டார்கள், சட்டம் பேச வேண்டும் என்று தோன்றியது. கடைசியில் இப்படி முத்தாய்ப்பு வைத்தேன்: ‘பக்கவாட்டில் மூன்றடி இடைவெளி இல்லாத எந்தக் கட்டடமும் இந்நகரில் இருத்தல் கூடாது. இருப்பின், அது பாரபட்சமின்றி இடிக்கப்பட வேண்டும்.’ சாட்சி என்ற இடத்தில் மூணடியின் பெயரையும், அவர் நோட்டையும் குறிப்பிட்டேன். கீழே இருபத்தொரு வீட்டுக் கையெழுத்தும் வாங்கினேன். ‘பாரபட்சமின்றி’ என்ற சொல்லுக்காகத்தான் அந்த இரண்டாவது டீ.

விசாரணை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. திருச்சியிலிருந்து வந்த அதிகாரி நடுவில். பக்கத்தில் குறிப்பெழுத ஒரு கிளார்க். ஒரு பக்கம் காதர் பாய் தனியாக, மறு பக்கம் நாங்கள் தெருவோடு. பெண்கள் வரிசையில் சுமதி.

அதிகாரி என் மனுவைச் சத்தமாகப் படித்தார். ‘பாரபட்சமின்றி’ வந்ததும் கைதட்டல். நான் எழுந்து கும்பிடுகூடப் போட்டேன்.

“சரி, சாட்சி யாரு?”

மூணடி நோட்டோடு எழுந்தார்.

“இந்த அடுக்குமாடி பிளானைப் பாத்தீங்களா? எவ்வளவு விட்டிருக்காங்க?”

“நாலு பக்கமும் அஞ்சஞ்சடிங்க.”

அதிகாரி கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

“மூணடிக்கு மேலயா?”

“அஞ்சடிங்க. எடத்துலயும் போயி அளந்து பாத்துட்டேன். நல்லாக் காத்து வரும்.”

தலைவர் என் தொடையைக் கிள்ளினார். “யோவ், இந்தாளையா சாட்சியாப் போட்ட?”

அதிகாரி மனுவை மறுபடி எடுத்தார். “‘எந்தக் கட்டடமும்’னு எழுதியிருக்கீங்க. அப்ப தெருவுல மத்த வீடுகளும் இருக்கே. நோட்டுல இருக்குல்ல? படிங்க. எல்லாத்துக்கும் நோட்டீஸ் அனுப்பிடலாம்.”

கல்லிலிருந்துதானே ஆரம்பிப்பார்! நம்பர் ஒன்று நான். சுமதியைப் பார்த்தேன். அவள் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கணக்குப் புரிந்துவிட்டது.

மூணடி கண்ணாடியைத் துடைத்தார். நோட்டைப் பிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பின் அட்டைப் பக்கமாகத் திருப்பி, கடைசிப் பக்கத்தை எடுத்தார்.

“நம்பர் இருபத்திரண்டு. ரெண்டடி.”

தலைவர் துள்ளி எழுந்தார். “சார், சார்! நான் ஆட்சேபணையே பண்ணலையே!”

“கையெழுத்து போட்டிருக்கீங்களே?”

“அது... வாபஸ் வாங்கிக்கிறேன் சார்.”

அதிகாரி லேசாகச் சிரித்தார். “ஆட்சேபணை இல்லன்னா உங்க வீட்டப் பத்தி எனக்கு இன்னிக்கு வேலை இல்ல. பேர அடிச்சுடுப்பா.” கிளார்க் அடித்தார்.

“நம்பர் இருபத்தொண்ணு. ஒன்னரை அடி.”

“வாபஸ்!”

அதன் பிறகு பிரசாத வரிசை மாதிரி நகர்ந்தது. அளவை வாசிப்பார், வாபஸ் என்பார்கள், கிளார்க் அடிப்பார். பதினெட்டாம் நம்பர்காரர் அளவைக்கூட வாசிக்க விடவில்லை. ஒன்பதாம் நம்பர் வந்தபோது மட்டும் “என் வூடு, மூணடி” என்று வாசித்து, தலையை லேசாக நிமிர்த்திக்கொண்டார். ஆனால் அவர் ஆட்சேபணையே போடவில்லை. அடிக்க ஒன்றும் இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், வாபஸ் வாங்கியவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

“செயலாளரே, நீங்க மட்டும் விட்றாதீங்க. ஒருத்தராவது நிக்கணும்.”

“தெரு மானம் உங்க கையிலதான் இருக்கு.”

நான் வாபஸ் வாங்கினால் மனு செத்தது. எழுதியவனே முழுங்கினான் என்று ஊர் சிரிக்கும். வாங்காவிட்டால் சுமதிக்குப் படி இல்லை. மானத்துக்கும் படிக்கும் நடுவே முழிக்கிறவனைக் காதர் பாய் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கேலி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இல்லை.

“நம்பர் ரெண்டு. ஒன்னே முக்கால்.”

“வாபஸ்.”

மிச்சம் ஒரு வீடு. மூணடி பக்கத்தைத் திருப்பினார். நிறுத்தினார்.

“கொஞ்சம் தண்ணி குடுங்க.”

யாரோ சொம்பில் கொண்டுவந்தார்கள். அந்த மனுஷன் தண்ணீர் குடித்ததைப் போல யாரும் குடித்து நான் பார்த்ததில்லை. ஒரு மடக்கு. நிறுத்தி ஒரு மூச்சு. இன்னொரு மடக்கு. வேட்டித் தலைப்பால் வாயைத் துடைத்தார். மறுபடி சொம்பைத் தூக்கினார். சொம்பின் விளிம்புக்கு மேலே இரண்டு கண்கள் என்னையே பார்த்தன. காலிச் சொம்பிலிருந்தும் ஒரு மடக்கு குடித்தார்.

எழுந்துவிட்டேன்.

“வாபஸ் சார். மனுவையே வாபஸ் வாங்கிக்கிறேன். ‘பாரபட்சமின்றி’யும் சேத்து.”

மூணடி நோட்டை மூடினார்.

தெருவில் ஆறு மாதம் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை. வாபஸ் வாங்கிய இருபது பேரும்தான். காதர் பாயின் நாலு மாடி எழுந்தது. நாலு பக்கமும் ஐந்தடி. எங்கள் போர் வற்றவில்லை. கொல்லையை யாரும் எட்டிப் பார்க்கவும் இல்லை. முதல் மாடி நர்சம்மா ஜாக்கெட் தைக்கச் சுமதியிடம் வந்தார். பிறகு பதினாறு வீடும் வந்தது. அடுத்த ரம்ஜானுக்குத் தூக்குவாளியும் வந்தது.

சுமதிதான் ஒருநாள் சொன்னாள். “அண்ணே, இந்தப் படிய முன்பக்கமா மாத்திரு. ஒவ்வொரு தடவ ஏறும்போதும் அந்தச் சொம்பு ஞாபகம் வருது.”

கொத்தனாரை வரச் சொன்னேன். மறுநாள் காலையில் பார்த்தால், கொத்தனாருக்கு முன்னால் சந்தில் மூணடி நிற்கிறார். ஒரு கையில் டேப், ஒரு கையில் அந்தச் செங்கல். கேட்க இதுதான் சமயம் என்று பக்கத்தில் போனேன்.

“அண்ணே, கல்லுலேருந்துதான் ஆரம்பிக்கணும்பீங்களே. அன்னிக்கு ஏன் கடைசி வூட்டுலேருந்து ஆரம்பிச்சீங்க?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். செங்கல்லை மதில்மேல் வைத்தார். டேப்பை என் பக்கம் நீட்டினார்.

“அந்த முனையப் புடிங்க சார்.”