ஏழு நாள் நோட்டீஸ்

இனிமேல் என் வீட்டில் சட்டத்தின் ஆட்சிதான் நடக்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவு செய்தேன். அதுவரை நடந்தது என் மனைவியின் ஆட்சி.

இந்த ஞானம் எனக்கு நீதிமன்றத்திலிருந்து கிடைத்தது. நான் நகராட்சியில் கல்விப் பிரிவு கிளார்க். எங்கள் பெண் படிக்கும் நகராட்சிப் பள்ளியை மூடி, வேறொரு பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று மன்றம் தீர்மானம் போட்டது. பெற்றோருக்குத் தெரியும்படி நோட்டீஸ் ஒட்ட வேண்டும். ஒட்டினேன், ரெக்கார்டு ரூம் கதவுக்கு உள்பக்கம். மேலதிகாரி காட்டிய இடம் அதுதான். அங்கே என்னையும் இரண்டு பல்லிகளையும் தவிர யாரும் வருவதில்லை.

பெற்றோர் வழக்குப் போட்டார்கள். மனுதாரர் பட்டியலில் மூன்றாவது பெயர் என் மனைவியுடையது. தீர்மானம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பின்னாலேயே புது விதியும் வந்தது. பள்ளி சம்பந்தமாக எந்த முடிவு எடுத்தாலும் ஏழு நாள் முன்னால் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பாதிக்கப்படுகிறவர்கள் தினமும் போய்வரும் இடத்தில் அதை ஒட்டி, ஆட்சேபம் கேட்க வேண்டும்.

அந்த விதியைச் சுட்டிக்காட்டி, விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ வந்தது. அதைப் படிக்கப் படிக்க, உலகத்திலேயே அதிகமாகப் பாதிக்கப்பட்டவன் நான்தான் என்று பட்டது. போன மாதம் என் பச்சைச் சட்டை தரை துடைக்கும் துணியாகிவிட்டது. என்னிடம் யாராவது ஆட்சேபம் கேட்டார்களா?

"இதோ பாரு, இனிமே இந்த வீட்டுல எந்த முடிவும் ஏழு நாள் நோட்டீஸ் இல்லாம எடுக்கக் கூடாது."

"சரிங்க."

இவ்வளவு சுலபமாக 'சரிங்க' வந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"எங்க ஒட்டணும்?"

"பாதிக்கப்படறவங்க தினமும் போற இடத்துல. கதவுக்குப் பின்னாடி ஒட்டி ஏமாத்தற வேலையெல்லாம் கூடாது."

"அது உங்க ஆபீஸ் வழக்கம். ஏழு நாள்ல ஆட்சேபம் வரலைன்னா?"

"சம்மதம்னு அர்த்தம்."

"இதை அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

போட்டேன். முழுக் கையெழுத்து, தேதியோடு. ஆபீஸ் முத்திரை ஒன்றுதான் பாக்கி.

பத்து நாள் நிம்மதியாகப் போயிற்று. ஃபிரிட்ஜ் கதவு, கண்ணாடி, குளியலறைச் சுவர் எல்லாவற்றையும் தினமும் சோதித்தேன். ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. காலை ஆறு மணிக்கு டாக்டர் சொன்னபடி ஊர்த் தண்ணீர்த் தொட்டி வரை நடை. ரத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டதாம். மாலையில் வாசல் பக்கத்து அறையில் என் சாய்வு நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி. ஐந்தரையிலிருந்து ஏழு வரை அந்த அறையில் நான் யாருக்கும் கிளார்க் இல்லை. இந்தப் பிறவியில் எனக்கென்று இருந்த சொத்து அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தால் வாசலில் இருபத்து மூன்று ஜோடிச் செருப்புகள். என் அறையில் இருபத்து மூன்று பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் என் பெண். சுவரில் கரும்பலகை. கையில் சாக்பீஸோடு என் மனைவி. நாற்காலியைக் காணோம்.

"ஸ்கூல்ல கூரை ரிப்பேர் பண்றாங்க. முடியற வரைக்கும் சாயங்கால வகுப்பு இங்கதான். பெற்றோர் குழுவுல முடிவு பண்ணிட்டோம்."

"யாரைக் கேட்டு? நோட்டீஸ் எங்கே?" வழக்கு எனக்குத்தான் ஜெயம் என்று குரல் தானாக உயர்ந்தது.

"ஒட்டினேனே. பத்து நாளாச்சு."

"வீடு பூரா தினமும் தேடறேன்!"

"வீட்டுலதான் ஒட்டணும்னு நீங்க எழுதலையே. தினமும் போற இடம்னு எழுதியிருக்கீங்க. தண்ணித் தொட்டித் தூண்ல ஒட்டினேன். தினமும் அதைச் சுத்திட்டுத்தானே நடந்து வர்றீங்க?"

எனக்கு வியர்த்துவிட்டது. உங்களிடம் மறைப்பானேன்? அந்தத் தொட்டியை நான் பார்த்தே நான்கு மாதம் ஆகிறது. என் நடை தெருமுனை பேக்கரியோடு சரி. சரியாக ஆறு மணிக்கு அங்கே இனிப்பு பன் சுடச்சுட இறங்கும். இரண்டு சாப்பிட்டுவிட்டு, பேப்பர் படித்துவிட்டு, வரும்போது குழாயில் முகத்தை நனைத்துக்கொண்டால் வியர்வை தயார்.

பார்க்கவில்லை என்றால் நடை பொய்யாகிவிடும். பார்த்தேன் என்றால் நாற்காலி போய்விடும்.

"என்னங்க, நோட்டீஸைப் பார்க்கலையா?"

பிள்ளைகள் படிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"பார்... பார்த்தேனே. கொட்டை எழுத்துல இருந்துதே."

"ஆட்சேபம்?"

"சேச்சே! நல்ல காரியத்துக்குப் போய் யாராவது..."

நோட்டை நீட்டினாள். 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அழுகையே வந்துவிடும் போலிருந்தது. சமையலறை மூலையில் பாத்திரக் கூடைக்குக் கீழே கிடந்த நாற்காலியைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் சர்க்கரை போடாத காபியோடு வந்தாள்.

"பாவம், அடுத்த நோட்டீஸை பேக்கரியிலேயே ஒட்டிடறேங்க. பன் சாப்பிட்டுக்கிட்டே படிக்கலாம்."